கட்டமாக வந்த ரூபாய்க் குறி

2018ஆம் ஆண்டு. எட்டாம் வகுப்புக்கு லாபம், நட்டம் பாடத்தில் ஒரு சிறு தேர்வு வைத்தேன். வினாத்தாளை வீட்டில் தட்டச்சு செய்து, பென்டிரைவில் எடுத்து வந்து, பள்ளியில் இருந்த பழைய மடிக்கணினி வழியாக அச்சிட்டேன். தாள்களைக் கொடுத்து இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. முன்வரிசை மாணவி ஒருத்தி எழுந்தாள்.

“டீச்சர், இந்தக் கட்டத்துல என்ன நம்பர் போடணும்?”

வாங்கிப் பார்த்தேன். ரூபாய்க் குறியோடு 450 என்று நான் அடித்திருந்த இடத்தில் □450 என்று அச்சாகியிருந்தது. தாள் முழுக்க இப்படித்தான். தொடக்க வகுப்பிலிருந்தே விடுபட்ட எண்ணைக் கட்டத்தில் எழுதப் பழகிய பிள்ளைகள் வேறு என்ன நினைப்பார்கள்? நான்கைந்து பேர் அதற்குள் ஆளுக்கொரு எண்ணை எழுதியே விட்டார்கள். ஒரு மாணவன் எல்லாக் கட்டத்திலும் 1 போட்டு, பொருளை 1450க்கு வாங்கி 1520க்கு விற்று, லாப சதவீதம் கண்டுபிடித்துக்கொண்டிருந்தான். அவன் கணக்கில் தவறில்லை. முழு மதிப்பெண் கொடுத்தேன்.

அந்தக் கட்டத்தின் காரணத்தைத் தேடப் போய்த்தான் பழைய கணினிகளுக்கு அப்டேட் தொகுப்பு சேர்க்கும் வேலையில் இறங்கினேன். நான் கணித ஆசிரியர். கணினி அறிவியல் படித்தவள் இல்லை. பள்ளியில் மூலையில் கிடக்கும் கணினிகளை என்ன செய்வது என்று யோசிக்கும் ஆசிரியர்களுக்குப் பயன்படும் என்பதால் இதை எழுதுகிறேன்.

கட்டம் எங்கிருந்து வந்தது?

இந்திய ரூபாய்க்கான ₹ என்ற குறியை மத்திய அமைச்சரவை ஏற்றுக்கொண்டது 2010 ஜூலை 15 அன்று. வடிவமைத்தவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த உதயகுமார். அதே ஆண்டு அக்டோபரில் வெளியான யூனிகோடு 6.0 பதிப்பில் அதற்கு இடம் கிடைத்தது. விண்டோஸ் 7 இயங்குதளமோ 2009 அக்டோபரிலேயே விற்பனைக்கு வந்துவிட்டது. பிறக்காத குறியின் உருவம் அதன் எழுத்துருக்களில் எப்படி இருக்கும்? தனக்குத் தெரியாத எழுத்து வந்தால் கணினி வெற்றுக் கட்டத்தைக் காட்டும். இதைச் சரிசெய்ய மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2011இல் கேபி 2496898 என்ற எண்ணுடன் ஓர் அப்டேட்டை வெளியிட்டது. இணையத்தில் இணைந்திருந்த கணினிகள் அதைத் தாமாகவே எடுத்துக்கொண்டன. எங்கள் பள்ளிக் கணினிகள் இணையத்தையே பார்த்ததில்லை.

அவை எங்களிடம் வந்த கதை எங்கள் மாவட்டத்தோடு தொடர்புடையது. விலையில்லா மடிக்கணினித் திட்டத்தை 2011 செப்டம்பர் 15ஆம் நாள், அண்ணா பிறந்தநாளன்று, அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா தொடங்கி வைத்தது திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில்தான். எல்காட் வழியாக வாங்கப்பட்ட தொடக்கக்கால மடிக்கணினிகளில் இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. ஒன்று விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர். மற்றொன்று சென்னை சிடாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ். கணினியை இயக்கும்போது எது வேண்டும் என்று கேட்கும். பெரும்பாலான பிள்ளைகள் விண்டோஸைத்தான் தேர்ந்தெடுத்தார்கள்.

ஸ்டார்ட்டர் என்பது விண்டோஸ் 7இன் மிகச் சிறிய பதிப்பு. 32 பிட் மட்டுமே. 2 ஜிபிக்கு மேல் நினைவகத்தை ஏற்காது. திரையின் பின்னணிப் படத்தைக்கூட மாற்ற முடியாது. அந்த மடிக்கணினியில் படித்து, கல்லூரி முடித்து, வேலைக்குப் போன எங்கள் பழைய மாணவர்கள் நான்கு பேர், புதியது வாங்கியதும் பழையதைப் பள்ளிக்குக் கொடுத்தார்கள். ஏற்கெனவே இருந்த மேசைக் கணினிகள் இரண்டையும் சேர்த்து ஆறு. எங்களுடையது நடுநிலைப் பள்ளி. அன்றைக்கு அந்த ஆறுதான் எங்கள் கணினி ஆய்வகம்.

சுற்றறிக்கைக் கோப்பு

அப்டேட் என்றால் என்ன என்பதை ஆசிரியர்களுக்குப் புரியவைப்பது எளிது. பாடநூல் அச்சாகி வந்த பிறகு ஒரு பிழை தெரிகிறது. பிழைதிருத்தம் ஒன்று சுற்றறிக்கையாக வருகிறது. பிறகு இன்னொன்று. சில ஆண்டுகளில் எல்லாத் திருத்தங்களையும் சேர்த்து மறுபதிப்பு வருகிறது. விண்டோஸ் உலகில் அதன் பெயர் சர்வீஸ் பேக். ஒரு நாள் அந்தப் பாடநூலே மாறிவிடுகிறது. பழைய நூலுக்கு இனித் திருத்தம் வராது. விண்டோஸ் 98க்கு அந்த நாள் 2006 ஜூலை 11; எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8; விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14.

ஆனால் பழைய நூலையே வைத்துப் பாடம் நடத்தியாக வேண்டிய பள்ளி இருக்குமானால்? அங்குள்ள ஆசிரியர் ஒருவர் அதுவரை வந்த எல்லாச் சுற்றறிக்கைகளையும் தேதி வாரியாக ஒரே கோப்பில் கட்டி வைப்பார். அதிகாரபூர்வமற்ற அப்டேட் தொகுப்பு என்பது அதுதான். உலகம் முழுவதும் ஆர்வலர்கள் இதைச் செய்திருக்கிறார்கள். விண்டோஸ் 98க்கும் எக்ஸ்பிக்கும் அவர்கள் சேர்த்த ‘அதிகாரபூர்வமற்ற சர்வீஸ் பேக்’குகள் உண்டு. எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் கடைசியாகக் கொடுத்தது 2008இல் மூன்றாவது சர்வீஸ் பேக். ‘நான்காவது’ என்ற பெயரில் உலவியது ஆர்வலர்களின் வேலை.

இதில் சட்டச் சிக்கலும் எழுந்தது. ஆட்டோபேட்சர் என்ற புகழ்பெற்ற தொகுப்பை நிறுத்துமாறு 2007 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட் கேட்டுக்கொண்டது. தன் கோப்புகளை வேறொருவர் பகிர்ந்தளிப்பதை அந்த நிறுவனம் ஏற்கவில்லை. ஆட்டோபேட்சர் பிறகு வேறு வடிவில் திரும்பி வந்தது. கோப்புகளைத் தன்னிடம் வைத்துக்கொள்ளாமல், எந்தெந்தக் கோப்பு தேவை என்ற பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு, மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே அவற்றை இறக்கித் தரும் கருவியாக மாறியது. ஜெர்மானியக் கணினி இதழ் ஒன்றின் வழியாகப் பிறந்த டபிள்யூசஸ் ஆஃப்லைன் அப்டேட் கருவியும் இதே முறையில் இயங்குவதுதான்.

இந்த வேறுபாட்டை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. வந்த சுற்றறிக்கைகளைத் தொகுப்பது வேறு. சுற்றறிக்கையை நாமே எழுதுவது வேறு. இணையத்தில் கிடைக்கும் தொகுப்புகளில் இரண்டு வகையும் உண்டு. வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும். இது எனக்குத் தெரியாமல் இருந்தபோதுதான் அந்தத் தவறு நடந்தது.

நான் செய்த தவறு

ரூபாய்க் குறி சரியாக வேண்டும் என்று தெரிந்தவர் ஒருவரிடம் சொன்னேன். “எல்லா அப்டேட்டும் ஒரே ஃபைல்ல இருக்கு மேடம், டபுள் கிளிக் பண்ணுங்க போதும்” என்று ஒரு பென்டிரைவைக் கொடுத்தார். நல்லெண்ணத்தில்தான் கொடுத்தார். அதை யார் தயாரித்தது என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஆறு கணினிகளிலும் வரிசையாக இயக்கினேன். ரூபாய்க் குறி வந்துவிட்டது. மகிழ்ச்சி.

இரண்டு நாள் கழித்து ஒன்றாம் வகுப்பு ஆசிரியை கேட்டார்: “என்ன டீச்சர், என் பென்டிரைவுல எல்லா ஃபோல்டர்லயும் அம்புக்குறி வந்திருக்கு?”

பென்டிரைவ் பயன்படுத்தும் நம்மில் பலருக்கும் இது தெரிந்த நோய்தான். ஷார்ட்கட் வைரஸ். உண்மையான கோப்புறைகளை மறைத்துவிட்டு, அதே பெயரில் குறுக்குவழிகளைப் போட்டு வைக்கும். நாம் திறப்பதாக நினைத்துச் சொடுக்கும்போது வைரஸ்தான் ஓடும். விண்டோஸ் 7 பென்டிரைவிலுள்ள நிரலைத் தானாக ஓட்டாது. ஆகவே அது பரவுவதற்கு நம் கை தேவை. நான் ஆறு முறை கை கொடுத்திருந்தேன். தலைமையாசிரியர் அறைக் கணினிக்கும் போயிருந்தது. அரையாண்டு மதிப்பெண் பட்டியல்கள் அதில் இருந்தன. அவற்றை அன்று இரவே மீட்டுவிட்டோம். கோப்புகள் அழிந்திருக்காது, மறைந்துதான் இருக்கும். மறைந்த கோப்புகளைக் காட்டும்படி அமைப்பை மாற்றினால் தெரியும்.

இதை நான் சொல்வதற்கு முன்பே அந்த ஆசிரியை பயந்துபோய்த் தம் பென்டிரைவை ஃபார்மேட் செய்து, வேறு கோப்புகளையும் ஏற்றிவிட்டார். ஆறு ஆண்டுகளாக அவர் சேர்த்த பயிற்சித்தாள்கள் அதில் இருந்தன. எங்கள் பக்கம் எப்படி என்று மற்ற மாவட்டத்தாருக்குச் சொல்ல வேண்டும். திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தது 1960 ஏப்ரலில். எல்லை மாறினாலும் வீட்டு மொழி மாறவில்லை. ஒன்றாம் வகுப்பில் சேரும் பிள்ளைகளில் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள் கணிசமாக இருப்பார்கள். ‘பாலு’ என்று கேட்கும் பிள்ளைக்குப் ‘பால்’ என்று எழுதக் கற்பிக்க வேண்டும். அதற்காகவே படமும் இரு மொழிச் சொல்லும் வைத்து அந்த ஆசிரியை தாள்கள் தயாரித்திருந்தார். எந்தக் கடையிலும் கிடைக்காதவை.

“விடுங்க டீச்சர், கையால எழுதினது கொஞ்சம் வீட்ல இருக்கு” என்றார். அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

வரிசை மாறினால்

2019 கோடை விடுமுறையில், இம்முறை முறையாக, தொடங்கினேன். முதல் விதி: மைக்ரோசாஃப்ட் அப்டேட் கேட்டலாக் என்ற அந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்து நானே இறக்கிய கோப்பு மட்டும். யார் கொடுத்தாலும் வேறு எதுவும் கிடையாது.

இறக்கிய கோப்பு சரியானதுதானா என்று எப்படி அறிவது? இரண்டு சோதனைகள். கோப்பின் மேல் வலது சொடுக்கி, ‘பிராப்பர்ட்டீஸ்’ சாளரத்தில் டிஜிட்டல் கையொப்பம் என்ற தாவலைப் பார்க்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் பெயரில் கையொப்பம் இருந்து, அது செல்லுபடியாகும் என்று காட்ட வேண்டும். நான் முன்பு இயக்கிய அந்த ‘ஒரே ஃபைலில்’ அந்தத் தாவலே இல்லை என்பதைப் பிறகுதான் பார்த்தேன். இரண்டாவது, கேட்டலாக் கோப்புகளின் பெயரில் அடிக்கோட்டுக்குப் பின் எழுத்தும் எண்ணுமாக 40 குறிகள் நீளமாக வரும். பலரும் அசிங்கமாக இருக்கிறது என்று அதை அழித்துப் பெயரைச் சுருக்கிவிடுவார்கள். அழிக்காதீர்கள். அது அந்தக் கோப்பின் கைரேகை. விண்டோஸிலேயே உள்ள செர்ட்யூட்டில் என்ற கட்டளையால் நம்மிடம் உள்ள கோப்பின் கைரேகையைக் கணக்கிட்டு ஒப்பிடலாம். பென்டிரைவில் நகலெடுக்கும்போது ஒரு பிட் மாறியிருந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். கோப்பு யாருடையது என்பதற்குக் கையொப்பம். வழியில் சிதையவில்லை என்பதற்குக் கைரேகை.

அடுத்தது வரிசை. எங்கள் மலைக்கோயில் 365 படிகளில் ஒன்றிரண்டைத் தாண்டி ஏறினாலும் மேலே போய்விடலாம். இதில் முடியாது. விண்டோஸ் 7க்கு 2011இல் வந்த முதல் சர்வீஸ் பேக் அடித்தளம். அது இல்லாமல் எதுவும் ஏறாது. அதன்பின் ஐந்து ஆண்டுகளில் வந்த அப்டேட்டுகளில் பெரும்பாலானவற்றைச் சேர்த்து 2016 மே மாதம் ஒரு பெரிய தொகுப்பை மைக்ரோசாஃப்டே வெளியிட்டது. எண் கேபி 3125574. நடைமுறையில் அதுதான் இரண்டாவது சர்வீஸ் பேக். பெயர் மட்டும் வைக்கவில்லை. நேரடியாக அதை இயக்கினேன். ‘இந்த அப்டேட் உங்கள் கணினிக்குப் பொருந்தாது’ என்றது. ஒரு மாலை முழுக்க அந்த ஒரு வாக்கியத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். 2015 ஏப்ரலில் வந்த கேபி 3020369 என்ற சிறிய அப்டேட் முதலில் இருக்க வேண்டும் என்பது பிறகுதான் தெரிந்தது. அப்டேட்டுகளை நிறுவும் பொறியையே புதுப்பிக்கிற அப்டேட் அது. கூட்டல் தெரியாத பிள்ளைக்குப் பெருக்கல் ‘பொருந்தாது’ என்பது போலத்தான்.

அடுத்த முட்டுக்கட்டை இன்னும் சுவையானது. மைக்ரோசாஃப்ட் தன் கையொப்பத்துக்கு எஸ்எச்ஏ-1 என்ற முறையைப் பயன்படுத்தி வந்தது. 2017 பிப்ரவரியில் கூகுள் நிறுவனமும் ஆம்ஸ்டர்டாமில் உள்ள ஓர் ஆய்வு நிலையமும் சேர்ந்து, வெவ்வேறான இரண்டு கோப்புகளுக்கு ஒரே எஸ்எச்ஏ-1 கைரேகை வரும்படி செய்து காட்டின. இரண்டு பேருக்கு ஒரே கைரேகை என்றால் பிறகு அதற்கு என்ன மதிப்பு? ஆகவே 2019இல் மைக்ரோசாஃப்ட் எஸ்எச்ஏ-2 முறைக்கு மாறியது. அந்த ஆண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு வந்த அப்டேட்டுகள் எல்லாம் புதிய கையொப்பத்துடன் வந்தன. பழைய விண்டோஸ் 7க்கு அந்தக் கையொப்பத்தைப் படிக்கத் தெரியாது. படிக்கக் கற்றுத்தருவதற்கு கேபி 4490628, கேபி 4474419 என்று இரண்டு அப்டேட்டுகள். அவற்றைப் போட்ட பிறகே கடைசிக் கட்டமான 2020 ஜனவரித் தொகுப்பு ஏறியது.

அந்தக் கடைசித் தொகுப்பிலும் ஒரு பிழை இருந்தது. திரை முழுக்க விரித்து வைத்த பின்னணிப் படத்தை அது கறுப்பாக்கிவிட்டது. ஆதரவு முடிந்துவிட்டது என்று அறிவித்த பிறகும், பிப்ரவரியில் எல்லோருக்கும் இலவசமாக ஒரு திருத்தம் வெளியிட வேண்டியதாயிற்று. படத்தையே மாற்ற முடியாத எங்கள் ஸ்டார்ட்டர் கணினிகளுக்கு அந்தக் கவலையே இல்லை.

இத்தனையும் எனக்கு மனப்பாடம் இல்லை. 80 பக்க நோட்டு ஒன்றில் இருப்புப் பதிவேடு போலவே கோடு போட்டு எழுதி வைத்திருக்கிறேன். வரிசை எண், அப்டேட் எண், எந்தத் தேதியில் இறக்கியது, எந்தக் கணினியில் எப்போது போட்டது, போட்ட பின் என்ன ஆனது. ‘2ஆம் எண் கணினி, 1 மணி 20 நிமிடம், பிரிண்டர் வேலை செய்யவில்லை, டிரைவரை மீண்டும் நிறுவியதும் சரி’ என்பது போன்ற குறிப்புகள். எந்தப் புதிய அப்டேட்டும் முதலில் 2ஆம் எண் கணினிக்குத்தான். அங்கே ஒரு வாரம் வகுப்பு நடந்த பிறகே மற்றவற்றுக்கு. அதற்கும் முன், தைவானில் உருவான குளோன்சில்லா என்ற இலவச மென்பொருளால் வன்தட்டு முழுவதையும் அப்படியே படியெடுத்து வெளிவட்டு ஒன்றில் வைத்துவிடுவேன். கெட்டுப்போனால் ஒரு மணி நேரத்தில் பழைய நிலைக்குத் திரும்பலாம். முதல் முறை இதைச் செய்திருந்தால் ஒன்றாம் வகுப்புத் தாள்கள் போயிருக்காது என்று சொல்ல முடியாது. அவை பென்டிரைவில் இருந்தவை. ஆனால் நோய் ஒரு கணினியோடு நின்றிருக்கும்.

தொகுப்பு 2020 பிப்ரவரியில் முடிந்தது. மார்ச்சில் பள்ளிகளை மூடிவிட்டார்கள்! 2021 நவம்பர் 1 அன்று ஒன்று முதல் எட்டு வகுப்புகளுக்குப் பள்ளி திறந்தபோது கணினிகளை இயக்கினால், இரண்டு மேசைக் கணினிகளும் எந்தத் தளத்தைத் திறந்தாலும் ‘பாதுகாப்பற்ற இணைப்பு’ என்றன. மீண்டும் வைரஸோ என்று வயிறு கலங்கியது. காரணம் தாய்ப்பலகையில் உள்ள நாணய வடிவ மின்கலம். அது தீர்ந்துபோனதால் கணினியின் தேதி பல ஆண்டுகள் பின்னால் போயிருந்தது. இணையதளங்களின் சான்றிதழ்களுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. தேதி தப்பாக இருந்தால் சரியான சான்றிதழும் செல்லாததாகத் தெரியும். சிஆர் 2032 என்று கேட்டால் கடிகாரக் கடையிலேயே கிடைக்கும். உங்கள் பள்ளியில் ஒரு பழைய கணினி இணையத்தில் சண்டித்தனம் செய்தால், எதையும் நிறுவுவதற்கு முன் திரையின் வலது மூலையில் தேதியைப் பாருங்கள்.

59 நாள்

ரூபாய்க் குறிக்காக இவ்வளவு பாடா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது 2017இல் நடந்ததை. விண்டோஸில் கோப்புப் பகிர்வுக்கான பகுதியில் இருந்த ஓர் ஓட்டைக்கு மார்ச் 14 அன்று மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்டது. மே 12 அன்று அதே ஓட்டை வழியாக வானாகிரை பரவத் தொடங்கியது. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் நிரல். சுமார் 150 நாடுகள். இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள். இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் சிகிச்சைகள் தள்ளிப்போயின. நமக்குப் பக்கத்திலேயே, ஆந்திரக் காவல்துறையின் கணினிகளும் சிக்கின. எக்ஸ்பி போன்ற மிகப் பழைய கணினிகள்தான் வீழ்ந்தன என்று பலரும் நினைக்கிறார்கள். பாதிக்கப்பட்டவற்றில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7. அன்றைக்கு ஆதரவில் இருந்த இயங்குதளம், திருத்தமும் வந்து 59 நாள் ஆகியிருந்தது. போடவில்லை, அவ்வளவுதான்.

ஒரு கணினியில் நுழைந்துவிட்டால், அதே வலையமைப்பில் உள்ள மற்றவற்றுக்கு அது தானே போகும். ஷார்ட்கட் வைரஸைப் போல நம் கைக்காகக் காத்திருக்காது.

எங்கே நிறுத்துவது?

2020 ஜனவரிக்குப் பிறகும் விண்டோஸ் 7க்கு அப்டேட்டுகள் வந்தன. பணம் கட்டிய நிறுவனங்களுக்கு மட்டும், 2023 ஜனவரி வரை. அவற்றையும் பணம் கட்டாமல் போட வழிசெய்யும் தொகுப்புகள் உலவுகின்றன. எக்ஸ்பி காலத்தில் வேறொரு தந்திரம் இருந்தது. கடைகளின் பில் போடும் இயந்திரங்களுக்கான எக்ஸ்பி வகை ஒன்றுக்கு 2019 வரை அப்டேட் வந்தது. பதிவேட்டில் ஒரு வரியை மாற்றி, சாதாரண எக்ஸ்பியை அந்த இயந்திரம் போல நடிக்க வைத்து அந்த அப்டேட்டுகளை வாங்கினார்கள். சாமர்த்தியம்தான். வீட்டில் ஒருவர் தம் சொந்தக் கணினியில் செய்து பார்ப்பது அவர் விருப்பம். அரசுப் பள்ளிக் கணினியில், நமக்கு உரிமையில்லாததை, யார் மாற்றியது என்று தெரியாத நிரலைக் கொண்டு நிறுவுவதை நான் ஏற்கவில்லை. என் நோட்டில் எந்தப் பெயரில் அதை எழுதுவேன்? ஆகவே என் தொகுப்பு 2020 பிப்ரவரியோடு நின்றுவிட்டது.

நின்றுவிட்ட தொகுப்பை வைத்து இணையத்தில் உலவ முடியாது. 2023 பிப்ரவரியில் குரோம் உலாவி விண்டோஸ் 7க்கான ஆதரவை 109ஆம் பதிப்போடு நிறுத்தியது. அன்றுதான் எங்கள் கணினிகளை இணையத்திலிருந்து முழுமையாக எடுத்தேன். மூன்று ஆண்டு தாமதமான முடிவு என்று இப்போது தோன்றுகிறது. எமிஸ் பதிவு, ஆதார் எண், பெற்றோரின் வங்கிக் கணக்கு, மாணவர் புகைப்படம் இவற்றில் எதுவும் அந்தக் கணினிகளில் இல்லை. இருக்கவும் கூடாது. இதை ஒட்டுத்தாளில் எழுதி ஒவ்வொன்றின் மேலும் ஒட்டியிருக்கிறோம். தட்டச்சுப் பயிற்சி, ஜியோஜீப்ரா, வரைதல், இறக்கி வைத்த காணொலிகள், வினாத்தாள் அச்சு. இவற்றுக்கு அவை போதும்.

பிறகு ஒவ்வொன்றாக லினக்ஸுக்கு மாற்றத் தொடங்கினேன். ஸ்டார்ட்டர் 32 பிட் என்றாலும் அந்த மடிக்கணினிகள் பலவற்றின் செயலி 64 பிட்டைத் தாங்கும் என்பது பலருக்குத் தெரியாது. இது இப்போது முக்கியம். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13ஆம் பதிப்பு 32 பிட் கணினிகளில் நேரடியாக நிறுவுவதைக் கைவிட்டுவிட்டது. 2 ஜிபி நினைவகத்தில் எளிய திரையமைப்புடன் லினக்ஸ் ஓடுகிறது. வேகம் என்று சொல்ல மாட்டேன். லினக்ஸும் பழையதாகும். மடிக்கணினியோடு வந்த பாஸ் லினக்ஸும் காலாவதியானதுதான். ஆனால் பாஸ் எதன்மேல் கட்டப்பட்டதோ அந்த டெபியன், தன் பழைய பதிப்புகளின் நிரல்களையெல்லாம் ஆவணக்காப்பகமாகத் திறந்தே வைத்திருக்கிறது. யாரிடமும் ‘ஒரே ஃபைல்’ கேட்டு நிற்க வேண்டாம்.

கேரளத்தில் இதை இப்படி ஆசிரியர்கள் தனித்தனியே செய்வதில்லை. அங்கே கைட் என்ற அரசு நிறுவனம், பள்ளிகளுக்கென்றே உபுண்டுவை மாற்றியமைத்து, பாடத்துக்குத் தேவையான மென்பொருள்களைச் சேர்த்து, சோதித்து, எல்லாப் பள்ளிகளுக்கும் ஒன்றாகக் கொடுக்கிறது. ஒரு கோடை விடுமுறை முழுக்க நான் நோட்டில் எழுதிக்கொண்டிருந்த வேலையை அங்கே சம்பளத்துக்கு ஆள் வைத்துச் செய்கிறார்கள். பொறாமையாகத்தான் இருக்கிறது. விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவும் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்ட நிலையில், இன்னும் பல பள்ளிகள் இதே கேள்வியோடு நிற்கப்போகின்றன.

குறுவள மையக் கூட்டங்களில் இந்தத் தொகுப்பைப் பற்றி ஆசிரியர்கள் கேட்கிறார்கள். கோப்புகளை நான் நகலெடுத்துக் கொடுப்பதில்லை. வரிசை எழுதிய பக்கங்களை மட்டும் செல்பேசியில் படமெடுத்துக்கொள்ளச் சொல்கிறேன். கேட்டலாக் தளத்தில் அந்த எண்ணைத் தட்டி அவரவரே இறக்கிக்கொள்ளலாம். சிலருக்கு இது கஞ்சத்தனமாகத் தெரிகிறது.

ஒன்றாம் வகுப்பு ஆசிரியை இரண்டு ஆண்டுகளில் தம் தாள்களை மீண்டும் உருவாக்கிவிட்டார். கையால் எழுதியவற்றை வைத்து, தமிழும் தெலுங்கும் யூனிகோடில் தட்டச்சு செய்ய எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் உதவினார்கள். பழையவற்றில் பாதிதான் என்கிறார். அவை 3ஆம் எண் கணினியில் இருக்கின்றன. ஒரு பிரதி அவர் வீட்டிலும் இன்னொன்று என் வீட்டிலும் இருக்கிறது.